கடல் கொண்ட நகரும் கற்பனை கண்ட நகரும்



கவிஞர் நிறைந்த அவையில் பிளேட்டோவின் பெயரை எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தாம் வகுத்த இலட்சிய நாட்டில், எவரைப் போலவும் நடித்துக் காட்டவல்ல கவிஞன் வந்தால் அவனுக்கு நறுநெய் பூசி, தலையில் மாலை சூட்டி, வேறோர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விதித்தவர் அவர். இளமையில் அவரே துன்பியல் நாடகங்கள் எழுதினார் என்றும், சாக்ரடீசைக் கண்டபின் அவற்றைத் தீயிலிட்டார் என்றும் ஒரு மரபுச் செய்தி வழங்குகிறது. கவிதையைத் தீயிலிட்ட அம்மனிதரே முதுமையில் புனைந்த ஒரு கதை இருபத்துமூன்று நூற்றாண்டுகளாகத் தேய்வின்றி வாழ்கிறது. கடல் கொண்ட பேரரசாகிய அட்லாண்டிசின் கதைதான் அது.

அந்நகரம் எங்கே இருந்தது என்று தேடிய நூல்கள் மிகப் பல. அக்கதை எதிலிருந்து பிறந்தது என்று கேட்டவை சில. இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதற்கேள்வி நிலப்படத்தில் ஒரு புள்ளியைத் தேடுகிறது. இரண்டாம் கேள்வி ஒரு படைப்பாளியின் கைக்குக் கிடைத்த மண்ணையும் நீரையும் தேடுகிறது. இலக்கிய வட்டம் ஒன்றுக்கு உரியது இரண்டாம் கேள்வியே.

முதலில் கதையைச் சுருக்கமாகக் காண்போருக்கு அதன் அமைப்பு விளங்கும். கி.மு. 360ஆம் ஆண்டையொட்டி எழுந்தவையாகக் கருதப்படும் 'டிமேயஸ்', 'கிரிட்டியாஸ்' என்னும் இரண்டு உரையாடல்களில்தான் அட்லாண்டிஸ் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதற்கு முற்பட்ட கிரேக்க நூல் எதிலும் இக்கதை இல்லை. எகிப்துக்குச் சென்று, சாயிஸ் நகரத்துக் கோயிற் கணக்கனோடு உரையாடிய ஹெரடோட்டசும் இதனைக் கூறவில்லை. மேற்கில் அட்லஸ் மலையையும், அம்மலையின் பெயரால் வழங்கும் மக்களையும் கூறுகிறார். மூழ்கிய நிலம் ஒன்றைக் கூறவில்லை.

பிளேட்டோ தம் கதைக்கு நீண்டதொரு வழிமரபு காட்டுகிறார். ஏதென்சின் சட்டமியற்றியும் கவிஞருமான சோலோன் எகிப்து சென்றபோது, சாயிஸ் கோயில் குரு ஒருவர் அவருக்கு இதைச் சொன்னார். சோலோன் வழியாகக் கதை ஒரு குடும்பத்துக்கு வந்தது. அக்குடும்பத்துத் தொண்ணூறு வயதை நெருங்கிய பாட்டனார், பத்து வயதுப் பேரனுக்கு ஒரு திருவிழா நாளில் அதனைக் கூறினார். அந்தப் பேரன்தான் முதியவனாகிச் சாக்ரடீசின் முன் அதனை நினைவுகூர்கிறான். கேட்டவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னதாக வரும் இச்சங்கிலி நம்பிக்கைக்காகக் கோக்கப்பட்டதா, புன்னகைக்காகக் கோக்கப்பட்டதா என்பது இன்றளவும் வழக்காகவே உள்ளது.

குரு கூறிய செய்தி இது: ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹெராக்ளீசின் தூண்களுக்கு, அதாவது இன்றைய ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால், ஒரு பெருந்தீவு இருந்தது. லிபியாவையும் ஆசியாவையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அத்தீவே பெரிது. கடற்கடவுளாகிய பொசைடன் அங்கே கிளைட்டோ என்னும் மானிடப் பெண்ணை மணந்து, ஐந்து இரட்டையராகப் பத்துப் புதல்வரைப் பெற்றான். மூத்தவன் அட்லஸ். அவன் பெயரால் தீவும் கடலும் வழங்கின. நகரின் நடுவே ஐந்து ஸ்டேடியம், ஏறத்தாழ 900 மீட்டர், குறுக்களவுள்ள ஒரு தீவு. அதனைச் சுற்றி நீர்வளையம் மூன்றும் நிலவளையம் இரண்டும். மதில்களுக்கு வெண்கலமும் வெள்ளீயமும், ஒரிக்கால்கம் என்னும் நெருப்பொளிர் உலோகமும் பூசியிருந்தனர். வெண்மை, கருமை, செம்மை ஆகிய மூன்று நிறக் கற்களால் கட்டடங்கள் எழுந்தன. வெந்நீர் ஊற்றும் தண்ணீர் ஊற்றும் அருகருகே சுரந்தன. பத்து மன்னரும் கூடும் நாளில் இரும்புப் படைக்கலம் இன்றி, தடியும் கயிறும் கொண்டே காளையைப் பிடித்துப் பலியிட்டனர்.

காலம் செல்லச் செல்ல அவர்களுள் தெய்வப் பங்கு குறைந்து, பேராசை மிகுந்தது. உலகை அடிமைகொள்ளப் படையெடுத்தனர். அவர்களைத் தடுத்து வென்றது ஒரே ஒரு நகரம். அது பழைய ஏதென்ஸ். அதன்பின் கொடிய நிலநடுக்கமும் வெள்ளமும் எழுந்தன. ஒரே பகலும் இரவுமான பொழுதில் ஏதென்சின் படைவீரர் அனைவரையும் மண் விழுங்கிற்று; அட்லாண்டிசைக் கடல் விழுங்கிற்று. கடைசிக் கூற்றைப் பலரும் நினைவிற் கொள்கின்றனர். வென்ற படையும் அன்றே மாண்டது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இக்கதையை மெய் வரலாறாகக் கொண்டோர் பண்டைக் காலத்திலேயே இருந்தனர். டிமேயசுக்கு முதன்முதல் விளக்கம் எழுதிய கிரான்டோர் அவ்வாறே கொண்டார் என்று கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புரோக்ளஸ் குறிக்கிறார். எதிர்த்தரப்பும் அன்றே இருந்தது. அத்தீவைப் படைத்தவனே அதனை மறைத்தும் விட்டான் என்ற ஏளனச் சொல் ஒன்றை ஸ்ட்ரேபோ எடுத்துக்காட்டுகிறார். டிராய்ப் போரில் கிரேக்கர் கட்டிய மதிலை ஹோமரே எழுப்பி ஹோமரே அழித்தார் என்பதோடு அது ஒப்பிடப்படுகிறது. அக்கூற்று அரிஸ்டாட்டிலுடையது எனக் கொள்வோர் பலர். ஆசிரியரின் புனைவை மாணவர் இவ்வளவு எளிதாகக் கண்டுகொண்டார் என்றால் வியப்பதற்கில்லை. அவர்கள் ஒரே கூடத்தில் இருந்தவர்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இக்னேஷியஸ் டொன்னெல்லி 1882இல் வெளியிட்ட நூல், அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு கண்டமே மூழ்கிற்று என்றும், உலக நாகரிகம் அனைத்தும் அதிலிருந்தே பரவின என்றும் வாதிட்டது. அக்கடலின் அடித்தளம் இன்று நன்கு ஆராயப்பட்டுவிட்டது. அதன் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் மலைத்தொடர் மூழ்கிய நிலத்தின் எச்சமன்று. பூமியின் உள்ளிருந்து எழும் குழம்பு உறைந்து புதிதாகத் தோன்றும் பாறை அது. அங்கிருந்தே கடற்தளம் இருபுறமும் விலகிச் செல்கிறது. கண்டங்களின் பாறை கடற்தளப் பாறையினும் எடை குறைந்தது. ஒரு பகலில் அது அடியில் சென்று மறைய வழியில்லை. பனியூழி முடிவில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்ததும், வடகடலின் தாழ்நிலம் உட்படப் பல கரையோர நிலங்கள் நீருக்குள் சென்றதும் உண்மையே. ஆயினும் அது பல ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. மதிலும் தேரும் மூன்றடுக்குக் கப்பலும் உடைய அரசு எதுவும் அக்காலத்தில் எங்கும் இல்லை.

ஆகவே கண்டத்தைக் கைவிட்டு, கிரேக்கரின் சொந்தக் கடலிலேயே வேர் தேடும் முயற்சி எழுந்தது. ஆர்தர் இவான்ஸ் 1900இல் கிரீட் தீவின் நாஸ்ஸஸ் அரண்மனையை அகழத் தொடங்கியபின், கே. டி. ஃபிராஸ்ட் என்னும் அறிஞர் 1909இல் தம் பெயரின்றி இலண்டன் 'டைம்ஸ்' இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார். வலிமை மிக்க கடலரசு, காளையோடு பொருதும் சடங்கு, திடீர் வீழ்ச்சி ஆகிய மூன்றும் கிரீட்டின் மினோவன் நாகரிகத்துக்குப் பொருந்துகின்றன என்பது அவர் கருத்து. எகிப்தியர் அத்தீவினரை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றும் உண்டு. தீப்ஸ் நகரத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்தில் 'கெஃப்டியு' எனப்பட்ட அம்மக்கள் கையுறை ஏந்தி வரிசையாக வருகின்றனர்.

வீழ்ச்சிக்குக் காரணம் காட்டியவர் ஸ்பைரிடான் மரினாட்டோஸ் என்னும் கிரேக்க அகழ்வாய்வாளர். கிரீட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேரா, அதாவது சான்டோரினி, ஒரு காலத்தில் எரிமலைத் தீவு. அது வெடித்து நடுப்பகுதி உள்வாங்க, கடல் புகுந்தது. இன்று பிறைபோல் எஞ்சியுள்ள அத்தீவின் உட்புறச் செங்குத்துப் பாறைகளில் செம்மையும் கருமையும் வெண்மையும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. 1883இல் கிரக்கட்டோவா வெடித்தபோது எழுந்த பேரலைகள் 36,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதை ஒப்புநோக்கி, தேராவின் வெடிப்பே கிரீட்டை அழித்தது என 1939இல் அவர் எழுதினார். 1967இல் தேராவின் அக்ரோடிரி என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, எரிமலைச் சாம்பலின் அடியில் ஒரு நகரமே வெளிப்பட்டது. இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவின் கீழ்க் கழிநீர்க் கால்கள், அல்லி மலரும் தகைவிலான் குருவிகளும் தீட்டிய சுவர்கள், கப்பற்படை ஒன்று துறைவிட்டுத் துறை செல்லும் நீண்ட ஓவியம் ஆகியவை கிடைத்தன. மாண்டோர் உடல்கள் அவ்வீடுகளில் காணப்படவில்லை, நகைகளும் இல்லை. முன்னதிர்ச்சிகளை உணர்ந்த மக்கள் வீட்டை விட்டு வெளியேறியிருந்தனர். மரினாட்டோஸ் 1974இல் அந்த அகழ்விடத்திலேயே உயிர் துறந்தார்.

இத்துணைப் பொருத்தம் இருப்பினும், பொருந்தாதவற்றை மறைத்தல் முறையன்று. பிளேட்டோவின் ஒன்பதாயிரம் ஆண்டு பெருந்தடை. கலனோபௌலோஸ் என்னும் நிலநடுக்க ஆய்வாளர் 1960இல் அதற்கொரு தீர்வு கூறினார். நூறு என்பதை ஆயிரம் எனப் பிழைபடப் படித்தனர். எனவே ஒன்பதாயிரத்தைத் தொள்ளாயிரமாக்குக. காலமும் அளவும் தேராவுக்கு இணங்கும் என்றார். ஆனால் எகிப்திய எழுத்தில் நூறு என்பது கயிற்றுச் சுருள். ஆயிரம் என்பது அல்லிமலர். ஒன்றை மற்றொன்றாகக் காண்பது எளிதன்று. மேலும் ஆயிரங்களை மட்டும் பத்தால் வகுத்து, நகர் நடுத்தீவின் ஐந்து ஸ்டேடியத்தை வகுக்காமல் விடுவதும், ஹெராக்ளீசின் தூண்களைக் கிரேக்கத்தின் தென்முனைக்கு இடம்பெயர்ப்பதும் உரையாசிரியன் மூலத்தைத் தன் உரைக்கு ஏற்பத் திருத்துவதையே ஒக்கும்.

காலக் கணிப்பு மற்றொரு தடையை எழுப்பிற்று. தேராவின் சாம்பலில் புதைந்த ஒலிவமரக் கிளை ஒன்றைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி 2006இல் வெளியிட்ட முடிவு, வெடிப்பைக் கி.மு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கிறது. அந்த ஆண்டைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் கிரீட்டின் அரண்மனைகள் வீழ்ந்தது கி.மு. 1450ஐ ஒட்டி, நாஸ்ஸஸ் அதற்குப் பின்னும் நிலைத்தது. வெடித்த மலைக்கும் வீழ்ந்த அரசுக்கும் இடையே சில தலைமுறைகள் உள்ளன. ஒரு பகலும் ஓரிரவும் அன்று. பேரலை எழுந்ததில் ஐயமில்லை. கிரீட்டின் கிழக்குக் கரையில் பாலைகாஸ்ட்ரோவில் அதன் படிவுகள் உள்ளன. துருக்கியின் செஷ்மேயில் தேராவிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், அலை கொண்டுவந்த இடிபாட்டினுள் ஓர் இளைஞன் எலும்பும் ஒரு நாயின் எலும்பும் கிடைத்ததை 2022இல் அறிஞர் வெளியிட்டனர். கடல் மக்களைக் கொன்றது என்பதற்கு அது சான்று. ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழிந்து அந்நினைவு பிளேட்டோவை அடைந்தது என்பதற்கு அது சான்றாகாது.

பிளேட்டோவுக்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவர் வாழ்நாளிலேயே, அவர் நாட்டிலேயே, ஒரு நகரத்தைக் கடல் கொண்டது.

கொரிந்து வளைகுடாவின் தென்கரையில் ஹெலிக்கே என்னும் நகரம் இருந்தது. பொசைடன் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. கி.மு. 373ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில், ஓரிரவில், நிலம் நடுங்கிற்று. கடல் எழுந்து வந்தது. பொழுது விடிந்தபோது நகரம் இல்லை. கடற்கரையிலிருந்து பன்னிரண்டு ஸ்டேடியம், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கு மேல், உள்ளே அமைந்த ஊர் அது என்று ஸ்ட்ரேபோ கூறுகிறார். உடல்களை எடுக்க அக்கேயர் அனுப்பிய இரண்டாயிரம் பேரும் ஒன்றும் செய்ய இயலாது திரும்பினர். துறையில் நின்ற ஸ்பார்ட்டாவின் பத்துக் கப்பல்களும் உடன் மறைந்தன என்று ஏலியன் எழுதுகிறார். ஐந்து நாள் முன்னதாகவே எலிகளும் பாம்புகளும் அவ்வூரை விட்டு நீங்கின என்ற செய்தியும் அவர் தருவதே. பொசைடன் திருவுருவைத் தருமாறு வேண்டி வந்த அயோனியரை அவ்வூரார் அவமதித்தனர். அதனால் கடவுள் சினந்தான் என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அங்கே சென்ற எரட்டோஸ்தனீசிடம் ஓடக்காரர் ஒன்று கூறினர். நீரினுள் வெண்கலப் பொசைடன் நின்றபடியே இருக்கிறான். கையில் ஏந்திய கடற்குதிரை வலைஞரின் வலையைக் கிழிக்கிறது என்பதே அது.

அன்று பிளேட்டோவுக்கு வயது ஐம்பத்துநான்கு அளவு. பொசைடனுக்குரிய நகரம், கடவுளின் சினம், நிலநடுக்கம், ஓரிரவில் மூழ்கல், மூழ்கிய இடத்தில் கலம் செலுத்த இடர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கதையில் இவை அனைத்தும் உள்ளன. அடால்பெர்டோ ஜோவன்னீனி 1985இல் இவ்வொப்புமையை விரித்துரைத்தார். இதற்கும் முன், பிளேட்டோவின் பிறப்பையொட்டிய கி.மு. 426இல், யூபியாக் கடலிலுள்ள அட்டலான்டே என்னும் சிறுதீவைப் பேரலை தாக்கி, ஏதென்சின் காவற்கோட்டையில் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. அதனைப் பதிந்த துசிடிடீஸ், நடுங்கிய நிலமே கடலை இழுத்துத் திருப்பி அனுப்பியது எனத் தெய்வத்தைச் சாராது காரணம் கூறினார். பெயரின் ஒலியொப்புமை தற்செயலாகவும் இருக்கலாம். நிகழ்ச்சி மெய்.

ஹெலிக்கே மீண்டும் கிடைத்த வரலாறு சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோருக்கு இனிப்பதாகும். மரினாட்டோஸ் உட்படப் பலரும் அந்நகரைக் கடலடியிலேயே தேடினர், கடற்தளத்தை ஒலிக்கருவியால் துழாவினர், கிடைக்கவில்லை. ஓடக்காரர் பொசைடனைக் காட்டிய இடம் பழைய நூலில் 'போரோஸ்' எனப்படுகிறது. அச்சொல்லைக் கொரிந்து வளைகுடா என்றே அனைவரும் கொண்டனர். டோரா கட்சொனோபௌலூ என்னும் அம்மையார், அது கடலன்று, கரைக்கு உள்ளே தேங்கிய காயல் எனக் கொண்டால் என்ன என்று கேட்டார். அவரும் ஸ்டீவன் சோட்டரும் 1988இல் தொடங்கிய ஆய்வு, 2001இல் கரைக்கு உள்ளே, பழங்காயலின் சேற்றுப் படிவின் கீழ், ஹெலிக்கேயின் இடிபாடுகளை அடைந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல் காயலை மூடி விளைநிலமாக்கியிருந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் மாறக் கண்டபோது, நீரில் தேடிய நகரம் நிலத்தில் கிடைத்தது.

எனினும், அழிவு எங்கிருந்து வந்தது என அறிவது கதை எங்கிருந்து வந்தது என அறிவதாகாது. ஹெலிக்கே உலகை வெல்லப் புறப்பட்ட பேரரசன்று. அட்லாண்டிசின் செருக்கும் செல்வமும் கடற்படையும் யாருடையவை?

பியேர் விடால்-நாக்கே என்னும் பிரெஞ்சு வரலாற்றறிஞர் 1964இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை தந்தார். கதையில் வரும் பழைய ஏதென்சைக் கூர்ந்து நோக்குக. அதற்குத் துறைமுகம் இல்லை, கப்பற்படை இல்லை, பொன் இல்லை. அதீனாவின் நகரம் அது, நிலத்தில் வேரூன்றியது. எதிரே நிற்பது பொசைடனின் நகரம். துறைமுகங்களும் கப்பற்பட்டறைகளும் அயல்வணிகரின் இரைச்சலும் நிறைந்தது. பிளேட்டோ கண்ட மெய்யான ஏதென்ஸ் இவ்விரண்டில் எதனை ஒத்திருந்தது? பைரீயஸ் துறையும், கப்பம் கட்டும் தீவுகளும், மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல்களும் உடைய அந்த ஏதென்ஸ் அட்லாண்டிசையே ஒத்திருந்தது. ஆகவே இக்கதையில் ஏதென்ஸ் வென்றதும் ஏதென்சையே, தோற்றதும் ஏதென்சே.

உரையாடலில் அமர்ந்திருப்போர் பட்டியலும் இதனை உறுதிசெய்கிறது. அவர்களுள் ஒருவர் ஹெர்மோக்ரட்டீஸ். கி.மு. 415இல் ஏதென்ஸ் பெருங்கப்பற்படையோடு சிசிலி மீது படையெடுத்தபோது, சிராக்யூஸ் நகர மக்களைத் திரட்டி எதிர்த்து நின்றவர் அவர். கி.மு. 413இல் அப்படை முழுதும் அழிந்தது. கடல் கடந்து பிறரை அடிமைகொள்ளச் சென்ற செருக்குடைய படையை ஒரு நகரம் தடுத்து வென்றது என்ற கதையை, அவ்வாறு வென்றவர் ஒருவரை முன்னிருத்திக் கூறுகிறார் பிளேட்டோ. அன்றைய ஏதென்சின் வாசகனுக்கு இதன் குத்தல் விளங்காமல் போயிருக்காது. கி.மு. 404இல் தன் மதில்கள் இடிக்கப்பட்டதையும், மீண்டும் கடற்கூட்டணி அமைத்ததையும், அதுவும் கி.மு. 355 அளவில் சிதைந்ததையும் அறிந்த தலைமுறை அது.

இவ்வாறு நோக்கினால், கதையில் மெய்யான பழநினைவு ஒன்றுமே இல்லையா என்ற கேள்வி எழும். ஒன்று உண்டு. அது எவரும் தேடாத பாதியில் உள்ளது. பழைய ஏதென்சின் அக்ரோபொலிஸ் குன்றில் ஓர் ஊற்று இருந்தது; நிலநடுக்கத்தால் அது தூர்ந்துபோயிற்று என்று பிளேட்டோ கூறுகிறார். 1930களின் இறுதியில் ஆஸ்கர் புரோனீர் அக்குன்றின் வடபுறத்தில் அகழ்ந்தபோது, பாறைப் பிளவினுள் ஆழத்தில் இறங்கிச் செல்லும் படிக்கட்டும், அடியில் ஓர் ஊற்றுக் கிணறும் வெளிப்பட்டன. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டி, ஒரு தலைமுறைக் காலமே பயன்படுத்தி, படிகள் சரிந்தபின் கைவிடப்பட்டது அது. பிளேட்டோவின் காலத்தில் அதனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. எண்ணூறு ஆண்டுகள் அந்நினைவு மக்கள் வாய்மொழியில் தங்கியிருந்தது எனக் கொள்வதே பொருந்தும். அட்டிக்கா நாட்டின் மலைகளிலிருந்து மண் அரித்துச் சென்று, நோயுற்ற உடலில் எலும்பு தெரிவதுபோல் பாறை தெரிகிறது என்று அவர் எழுதியதும் கண்ணாரக் கண்ட உண்மையே. பொன்மதில் நகரைத் தேடி ஏழு கடல் சென்றவர்கள், கதை சொன்னவனின் வீட்டு முற்றத்திலிருந்த கிணற்றைப் பார்க்கவில்லை.

அவையீர்! இது வெறும் நூலாராய்ச்சியாக முடிந்திருந்தால் நன்று. அவ்வாறு முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் பேரரசாக எழுந்தபோது, ஓலோஃப் ரூட்பெக் என்னும் பேராசிரியர் 1679 முதல் வெளியிட்ட பெருநூலில் அட்லாண்டிஸ் என்பது சுவீடனே என்று நிறுவ முனைந்தார். தம் மொழியிலிருந்தே பிறமொழிகள் பிறந்தன என்றும் சொல்லாராய்ச்சி செய்து காட்டினார். அது சிரிப்புக்கு இடமாயிற்று, தீங்கு விளையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஹெர்மன் விர்த் என்பவர், வடபுலத்தில் மூழ்கிய அட்லாண்டிசிலிருந்து தூய இனம் ஒன்று புறப்பட்டது என்று எழுதினார். 1935இல் ஹிம்லரோடு சேர்ந்து அவர் தோற்றுவித்த 'ஆனநெர்பே', அதாவது 'மூதாதையர் மரபு' என்னும் நிறுவனம், அத்தகைய கனவுகளுக்கு அரசின் பொருளையும் அதிகாரத்தையும் ஈட்டித் தந்தது. அந்த அரசு செய்த கொலைகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அட்லாண்டிசைப் பற்றிய மயக்கங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்த விடால்-நாக்கேயின் தாயும் தந்தையும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டவர்கள். அவர் தம் வாழ்வின் இறுதிக்கட்டத்தில், 2005இல், அட்லாண்டிசின் வரலாறு குறித்து ஒரு நூலே எழுதியதற்கு அறிவின் ஆர்வம் ஒன்றே காரணமன்று. தன் நகரத்தின் செருக்கைக் கண்டிக்க ஒருவன் புனைந்த கதை, தத்தம் இனத்தின் செருக்கை வளர்க்கப் பயன்பட்டதே அதன் பெருந்துன்பம்.

தமிழ் அவையில் இக்கதை பேசப்படும்போது குமரிக்கண்டமும் நினைவுக்கு வரும். இறையனார் களவியலுரை மூன்று சங்கங்களுக்கும் கூட்டிக் கொடுக்கும் ஆண்டு 9,990. பிளேட்டோ கூறுவது 9,000. மணிமேகலையில் இந்திரவிழா மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது. ஹெலிக்கேயில் பொசைடன் சினந்ததால் நகரம் மூழ்கிற்று. இவற்றை ஒன்றன் வழி ஒன்று வந்ததாகக் கொள்ள இடமில்லை. கரையில் வாழும் மாந்தர் கடலைப் பற்றி எங்கும் ஒன்றுபோல் எண்ணுவதன் விளைவு அது. 'லெமூரியா' என்ற பெயரோ தமிழ் நூலிலிருந்து வந்ததன்று. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனக் குரங்குகளின் தடயம் காணப்படுவதற்குக் காரணம் தேடிய ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் இட்ட பெயர் அது. கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின் அறிவியலுக்கு அந்நிலம் தேவைப்படவில்லை. ஆயினும் கடல்கோள் என்னும் சொல் பொய்யன்று என்பதை 1964இன் தனுஷ்கோடியும் 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையும் காட்டின. மூழ்கிய கண்டம் இல்லாமலே அச்சொல் உண்மையாக இருக்க முடியும். முதன்மையும் தொன்மையும் நிறுவுவதற்காக அன்றி, இழந்தோரின் குரலாக அப்பாடல்களையும் உரைகளையும் படிப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

எல்லாவற்றையும் தொகுத்துக் கூறின், அட்லாண்டிஸ் என்ற ஒரே நகரம் ஓரிடத்தும் இருந்ததில்லை. அதன் சாவு ஹெலிக்கேயினுடையது. அதன் செருக்கும் தோல்வியும் ஏதென்சினுடையவை. அதன் காளைகளிலும் முந்நிறக் கற்களிலும் கிரீட்டும் தேராவும் மங்கலாக ஒலிக்கக்கூடும். உறுதி கூற இயலாது. இவற்றையெல்லாம் ஒன்றாகக் குழைத்து, முன்பு எங்குமில்லாத ஒன்றை ஆக்கியது பிளேட்டோவின் கை. கவிஞர் செய்யும் தொழிலும் இதுவே. கிடைத்த பொருள் மெய்யாக இருந்தால்தான் புனைந்த பொருள் நிலைக்கும். ஆனால் புனைந்ததைக் கிடைத்தது என்று மயங்குவோன் இரண்டையும் இழப்பான்.

இன்னும் ஒன்று உண்டு. சோலோன் இக்கதையைப் பாட்டாகப் பாடி முடித்திருந்தால் ஹோமருக்கும் ஹெசியட்டுக்கும் மேலான புகழ் பெற்றிருப்பார் என்று உரையாடலில் ஒருவர் சொல்கிறார். அரசியல் அலைக்கழிக்க அவர் முடிக்கவில்லை. பிளேட்டோவும் முடிக்கவில்லை. 'கிரிட்டியாஸ்' ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோகிறது. செருக்குற்றோரை ஒறுக்க எண்ணிய சீயஸ் கடவுளரையெல்லாம் கூட்டி, பேசத் தொடங்குகிறான். என்ன பேசினான் என்பது இல்லை. அடுத்து வரவேண்டிய 'ஹெர்மோக்ரட்டீஸ்' எழுதப்படவே இல்லை. மூழ்கிய நகரைத் தேடுவோர் கடலடியில் தேடுகின்றனர். நின்றுபோன அவ்வாக்கியத்தை ஒவ்வொரு காலமும் தன் ஆசைக்கு ஏற்ப முடித்துக்கொள்கிறது. தன் தவற்றுக்கு ஏற்ப முடித்துப் பார்த்த காலங்கள் மிகச் சிலவே. அப்பணி படைப்போர்க்கும் படிப்போர்க்கும் இன்னும் எஞ்சியிருக்கிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.